மூக்கு ஒட்டாத விமானம்

விமானத்தின் மூக்கை நான்தான் அப்பாவிடம் நீட்டினேன். பார்த்து ரசிக்கட்டுமே என்று நீட்டினேன். அப்பா அதைக் கண்ணுக்கு நேரே பிடித்தார், உள்ளே ஊதினார், பெருவிரலை நுழைத்துச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஏட்டி, இதுக்குள்ள ஒரு மோட்டார் வைக்கலாமே."

கோடை விடுமுறை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அம்மா எச்சில் இலையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து அப்பா எங்களோடு இருந்த ஏழு மாதமும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

அப்பாவின் முதலாண்டு நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். பிறப்பு, உழைப்பு, குணம், நோய், நன்றி என்று வரிசையும் சொல்லிக் கொடுத்தார். நானும் அந்த வரிசையில்தான் எழுத உட்கார்ந்தேன். எந்த இடத்தைத் தொட்டாலும் அந்த விமானம் குறுக்கே வந்து நிற்கிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது மேலநீலிதநல்லூரில். மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கடன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஊரில் முதல் மோட்டார் கிணற்றில் இறங்கிய அன்று எல்லோரும் வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். மாட்டைப் பத்திக்கொண்டு வீட்டுக்கு வர மறந்ததற்கு அன்று அடி விழுந்ததாகப் பெரியப்பா சொல்கிறார். பிறகு கோவில்பட்டியில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் வேலையைக் கற்றுக்கொண்டு, சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் பட்டறை போட்டார். சுற்று வட்டாரத்தில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அதை மாட்டுவண்டியிலோ பஸ் கூரையிலோ ஏற்றி அப்பாவிடம்தான் கொண்டுவருவார்கள்.

பட்டறையில் நோட்டு கிடையாது. எந்த ஊர் மோட்டார், எத்தனை குதிரை சக்தி, என்ன கனத்தில் கம்பி, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று என்று எல்லாவற்றையும் தச்சன் பென்சிலால் சுவரில்தான் எழுதுவார். ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "நோட்டு தொலைஞ்சு போவும் மக்கா. சுவரு எங்க போவும்?" என்பார்.

கம்பி சுற்றும்போது அப்பாவிடம் யாரும் பேசக் கூடாது. உதடு அசைந்துகொண்டிருந்தால் எண்ணுகிறார் என்று அர்த்தம். இடையில் பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தப்பினால் அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் தாம்பாளத்தை ஏந்தியபடி வாசலில் கால் மணி நேரம் நின்றிருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்த மலரைக் கையில் வைத்திருப்பார்கள். அன்றைக்கே மன்னித்துவிட்டார்கள் என்று நம்புகிறேன்.

இனி விமானம். கடையநல்லூர் மைதீன் மாமா அப்பாவின் நண்பர், துபாயில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வந்தபோது தன் மகனுக்கென்று ஒரு பெட்டி வாங்கி வந்தார். உலகப் போரில் பறந்த ஒற்றை எஞ்சின் சண்டை விமானம், அசலில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. எல்லாம் பிளாஸ்டிக் துண்டுகள். நாம்தான் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். மாமாவின் மகனுக்கு நாலு வயது. அவன் ஒரு சக்கரத்தைக் கடித்துப் பார்த்ததும் மாமா பெட்டியைப் பிடுங்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "மருமவளே, நீதான் காலேஜ்ல பிசிக்ஸ் படிக்கியே, இது ஒனக்குத்தான்" என்றார்.

அந்தப் பெட்டியைத் திறந்த நாள் நான் சாப்பிடவில்லை. ஒன்றரை அடி இறக்கை. எஞ்சின் மட்டுமே இருபத்தெட்டுத் துண்டு. அதை ஒட்டி முடிக்கவே எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. தீக்குச்சி முனையில் வர்ணம் தொட்டு ஒவ்வொரு குழாயையும் தீட்டினேன். தை மாதம் கல்லூரிக் கண்காட்சியில் மூக்கின் மூடியைத் திறந்து எஞ்சின் தெரிகிற மாதிரி வைப்பதாகப் பேராசிரியையிடம் பெயரும் கொடுத்துவிட்டேன்.

அப்பா அந்த எஞ்சினை ஒரே ஒரு முறை பார்த்தார்.

"இது ஓடுமா?"

"ஓடாதுப்பா. இது மாடல். பார்க்கத்தான்."

"ஓடுனாத்தான் எஞ்சின். ஓடாட்டா அது இரும்பு. இது இரும்புகூட இல்ல."

"பறக்கவா போவுது?"

"பறக்க வேண்டாம். காத்தாடியாவது சுத்த வேண்டாமா? ஒரு விமானம்னா அதுக்கு ஒரு மரியாதை இல்லையா?"

அம்மா அடுக்களையிலிருந்து, "புள்ள அது பாட்டுக்கு ஒட்டிட்டு இருக்கு. நீங்க எதுக்கு அதுல போயிக் கைய வைக்கிய?" என்றாள். அப்பா காதில் வாங்கவில்லை. அதற்குள் நூலால் மூக்கை அளந்துகொண்டிருந்தார்.

ஜூனில் நான் பாளையங்கோட்டை விடுதிக்குப் போய்விட்டேன். ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தபோது, விமானம் பட்டறையில் கிணற்று மோட்டார்களோடு வரிசையில் நின்றது. மூக்கில் சந்தனம், குங்குமம். அதுகூடப் பரவாயில்லை. மூக்குக்குள் எஞ்சின் இல்லை. எரிந்த காயிலில் பழைய வார்னிஷ் இளகுவதற்கு அதைத் தின்னரில் ஊறப்போடுவது வழக்கம். அதே மாதிரி என் எஞ்சினையும் கிண்ணத்தில் ஊறப்போட்டிருக்கிறார். அடியில் சாம்பல் நிறத்தில் பாகு மாதிரி ஏதோ ஒட்டிக் கிடந்தது.

"ஒட்டுன எடம் மட்டும் விடும்னு நெனச்சேன்" என்றார். "காயில்ல அப்படித்தான் விடும்."

"அப்பா, இது பிளாஸ்டிக்."

"இப்பத் தெரியுது."

மூன்று நாள் நான் அப்பாவோடு பேசவில்லை. விமானத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பாவும் பேசவில்லை. பட்டறையில் கூட வேலை பார்த்த செல்லையா அண்ணாச்சி மூலமாகக் கேட்டார்: "செல்லையா, அந்த மூக்க மட்டும் கொஞ்சம் கேட்டு வாங்கு." நானும் அவர் மூலமாகவே சொன்னேன்: "தர முடியாதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி." அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் நாலடி தூரத்துலதான இருக்கிய. என்னைய எதுக்குத் தபால்காரனா ஆக்குதிய?" என்றார்.

கடைசியில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மூக்கை அப்பாவின் மேசையில் வைத்தேன். "கீறல் விழாம வச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னேன். எஞ்சினே போன பிறகு கீறலைப் பற்றி நான் ஏன் கவலைப்பட்டேன் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

நான் போன பிறகு அப்பா, ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்கிற எலிமினேட்டர் ஒன்று எரிந்து கிடந்ததிலிருந்து முடி மாதிரி மெல்லிய கம்பியை உருவி எடுத்தார். தகரத் தகட்டை வெட்டி அடுக்கி, மோட்டாருக்குள் சுழல்வதற்கு மூன்று கை வைத்த ஒரு சின்ன உருளை செய்தார். மூன்று கையிலும் ஒரே எண்ணிக்கையில் கம்பி சுற்ற வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் குலுங்கும். முதல் இரண்டு தடவை செய்தது மூக்குக்குள் நுழையவில்லை. மூன்றாவது தடவை சுற்றிக்கொண்டிருந்தபோதுதான், கார்த்திகை மாதம், பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி என் விடுதியிலிருந்து நடந்து போகிற தூரம். பதினோரு நாளும் போனேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அப்பா அவர்களுக்கு மெல்லிய கம்பி சுற்றுவதில் உள்ள கஷ்டத்தை விளக்கினார். டாக்டருக்கும் விளக்கினார். பேசக் கூடாது என்று சொன்ன நர்ஸம்மாவுக்கும் விளக்கினார்.

"ரெண்டு கை முடிஞ்சிட்டு" என்றார் என்னிடம். "மூணாவது கை பாக்கி. எண்ணிக்கை சுவத்துல இருக்கு."

"இப்ப அதுவாப்பா முக்கியம்?"

"இங்கன படுத்துக்கிட்டு வேற என்ன செய்யச் சொல்லுத?" நான் கிளம்பும்போது, "மூக்க ஒட்டிராத, என்ன?" என்றார்.

எத்தனை சுற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். எனக்கு அப்போது கோபம் போயிருந்தாலும் வீம்பு போகவில்லை. மார்கழி பிறந்து நாலாம் நாள் அதிகாலையில் அப்பா எங்களை விட்டுப் போனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். பெரியப்பா மேலநீலிதநல்லூரிலிருந்து நாலு ஆட்களைக் கூட்டிவந்து, தானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரே பகலில் முடித்தார். தம்பி பட்டறை மட்டும் அழுக்காகக் கிடக்கலாமா என்று பட்டறைக்கும் இரண்டு பூச்சு அடித்தார். செல்லையா அண்ணாச்சி அன்றைக்கு இலை வாங்கப் புளியங்குடி போயிருந்தார். திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தவர் தலையில் இருந்த இலைக்கட்டைக்கூட இறக்கவில்லை. இருபது வருஷ மோட்டார்கள் அந்தச் சுவரில் இருந்தன. எங்களுடையதும் இருந்தது.

பெரியப்பா, இதை வருத்தத்துக்காக எழுதவில்லை. அன்று உங்கள் கையில் சுண்ணாம்பு பட்டு வெந்திருந்ததை நான் பார்த்தேன். உங்களுக்கு என் முதல் நன்றி. தந்தி கிடைத்த மறுநாளே விமான டிக்கெட் போட்டு வந்து நின்ற மைதீன் மாமாவுக்கும், அப்பாவின் விளக்கத்தைப் பதினோரு நாளும் முகம் சுளிக்காமல் கேட்ட நர்ஸம்மாவுக்கும், பூட்டாமல் இன்றுவரை பட்டறையை நடத்துகிற செல்லையா அண்ணாச்சிக்கும், அம்மாவைத் தனியாக விடாத பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தச் சின்ன உருளை தைல டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. இரண்டு கையில் கம்பி மினுங்குகிறது, மூன்றாவது கை வெறும் தகரம். ஒரு வருஷமாக அதைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கண்காட்சிக்கு நான் விமானத்தைக் கொண்டுபோகவில்லை. சுற்றின் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று பிசிக்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு விடை வந்தது.

செல்லையா அண்ணாச்சி சொன்னார்: "ஒரு கையப் பிரிச்சு எண்ணிரு தாயி. வேற வழி கெடையாது. எரிஞ்ச மோட்டார அப்படித்தான எண்ணுதோம்?"

எரியாத காயிலை யாரும் பிரித்ததில்லை அண்ணாச்சி என்றேன்.

ஆனாலும் பிரிக்கத்தான் போகிறேன். நினைவு நாளன்று காலைப் பூசை முடிந்ததும் பட்டறையில் அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் சுற்றிய இரண்டு கையில் ஒன்றை அவிழ்த்து எண்ணுவேன். எண்ணிக்கையைப் பெரியப்பாவின் புது வெள்ளைச் சுவரில் தச்சன் பென்சிலால் எழுதுவேன். பிறகு அவிழ்த்த கையையும் வெறும் கையையும் நானே சுற்றுவேன். ஒன்று அப்பா சுற்றியதாகவே இருக்கும். ஓடுமா என்று எனக்குத் தெரியாது. ஓடிய பிறகுதான் மூக்கை ஒட்டுவேன்.

எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு அவசியம் வர வேண்டும். முன்னதாக வந்துவிட்டால் பட்டறையை எட்டிப் பார்க்கலாம், கதவு திறந்துதான் இருக்கும். என் உதடு அசைந்துகொண்டிருந்தால் மட்டும் தயவுசெய்து யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.