காதால் பந்து பார்த்தவன்

கோல்ஃப் என்பது ஒருவர் அடித்துத் தொலைக்கும் பந்தை இன்னொருவர் தேடி எடுக்கும் விளையாட்டு. கொடைக்கானலில் பதினோரு வருஷம் அந்த இன்னொருவர் நான்தான். தூண்பாறைக்குப் போகிற ரோட்டில், மலை முகட்டில் மைதானம். பை தூக்குகிறவர் ஆட்டக்காரரோடு கூடவே நடப்பார். நான் இருநூறு கஜம் முன்னால் போய் நின்றுகொண்டு பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதில் ஒரே ஒரு சங்கடம், தூரத்தில் இருக்கிற எதுவும் எனக்குத் தெரியாது.

பஸ் வந்து நின்றதும் பக்கத்தில் இருப்பவரிடம் "இது எந்த ஊருக்குங்க?" என்று கேட்டு, பள்ளிக்கூடமே போகாதவன் என்ற பரிதாபப் பார்வையை வாங்கியிருக்கிறீர்களா? எதிரே வந்த மாமனாரைக் கும்பிடாமல் தாண்டிப் போய், திமிர் பிடித்தவன் என்று பெயர் எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது கண் நன்றாகத்தான் இருந்தது. முப்பதைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. வெளியே தெரிந்தால் கிளப் செக்ரட்டரி என் சட்டையில் இருக்கும் பித்தளை வில்லையைக் கழற்றி வாங்கிக்கொள்வார். வில்லை போனால் மேல்மலையில் இருக்கும் போளூருக்குத் திரும்பிப் போய் அண்ணன் தோட்டத்தில் பூண்டுக்குக் களை எடுக்க வேண்டும். எனக்குப் பூண்டோடு ஒரு பகையும் இல்லை. அண்ணியோடுதான்.

பருந்துக் கண்

மைதானத்தில் பனி இறங்கினால் அடிக்கிறவருக்குத் தன் பூட்ஸே தெரியாது. என் கூட்டாளி வீரணன், அய்யம்பாளையத்துக்காரன், பை தூக்குகிறவன், அந்தப் பக்கம் நின்று "வருதேய்" என்று குரல் கொடுப்பான். நான் பனிக்குள்ளிருந்து "வரட்டும்" என்பேன். மட்டையில் பந்து படும் சத்தம் கேட்கும். அதோடு மற்ற எல்லோருக்கும் பந்து காணாமல் போய்விடும். எனக்கு அப்போதுதான் அது கிடைக்க ஆரம்பிக்கும். புல்லில் விழுந்தால் 'தொப்'. காய்ந்த யூகலிப்டஸ் பட்டையில் விழுந்தால் 'சடக்'. சேற்றில் விழுந்தால் சத்தமே வராது, ஆனால் அங்கே கத்திக்கொண்டிருக்கும் தவளைகள் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். அந்த இடத்துக்குப் போய் வெறுங்காலால் துழாவினால் பந்து தட்டுப்படும்.

மதுரையிலிருந்து சீசனுக்குச் சீசன் ஒரு டாக்டர் வருவார். கண் டாக்டர். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். அவர் வலது பக்கம் இழுத்து அடிக்கிற ஆள், அதனால் அவருடைய பந்துகள் பாதி நேரம் காட்டில்தான் இருக்கும். தன் பந்து என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்திருப்பார். ஒருநாள் நல்ல பனியில் அவர் அடித்த மூன்று பந்துகளையும் ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். கூட வந்தவர்களிடம் என் தோளைத் தட்டிக் காட்டிச் சொன்னார்:

"இந்த மலையிலேயே நல்ல கண்ணு நம்ம பொன்னையாவுக்குத்தான். பருந்துக் கண்ணு."

நாய்க்குடை

பனி எனக்குச் சொந்தக்காரன் மாதிரி. வெயில்தான் பகையாளி. வெயில் நாளில் நாலு பேர் நின்று பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பேசிக்கொண்டும் இருப்பார்கள், காது வேலை செய்யாது. அப்படி ஒரு நாள், டாக்டர் அடித்த பந்து போன திசையை உத்தேசமாகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். தயங்கி நடந்தால் சந்தேகம் வரும். வெள்ளையாக ஒன்று தெரிந்தது. பக்கத்தில் போய் விறைப்பாக நின்று கையை நீட்டிக் காட்டினேன். குனிந்து பார்க்கவில்லை, அதுதான் தப்பு.

டாக்டர் வந்தார். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இருபது அடி தள்ளிக் கிடந்த தன் பந்தை நோக்கி நடந்தார். அதன் பிறகுதான் நான் குனிந்தேன். அன்றைக்கே வீரணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இனி வெயில் நாளில் பந்து வலது பக்கம் போனால் ஒரு விசில், இடது பக்கம் என்றால் இரண்டு, காட்டுக்குள் போனால் நீளமாக ஒன்று என்று பேசிக்கொண்டோம். நல்ல மனுஷன், யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டுவிட்டான்:

"அது கெடக்கட்டும், ஏலே, நாய்க்குடைக்கு எதுக்குடா அம்புட்டு வெறப்பா காவல் நின்னே?"

நேற்று இல்லாத பள்ளம்

கடைசிக் குழிக்குப் போகிற வழியில் ஒரு சேற்றுப் பள்ளம் குறுக்கே வரும். அதைத் தாண்டி அடிக்க வேண்டும். சின்னப் பள்ளம்தான், பெண்கள்கூடத் தாண்டி அடிப்பார்கள். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த முதலாளி ஒருவருக்கு மட்டும் அது எமன். மற்ற குழிகளில் பிரமாதமாக ஆடிவிட்டு அங்கே வந்ததும் முகம் வேர்க்கும். பள்ளத்தை ஒரு பார்வை பார்ப்பார், முருகா என்பார், மறுபடியும் ஒரு பார்வை பார்ப்பார், பந்தை அதற்குள்ளேயே போடுவார். எந்தப் பந்தும் அவர் பார்த்த இடத்துக்குத் தப்பாமல் போனது.

ஒரு நாள் பனி மூடியிருந்தது. முதலாளி அடித்த பந்து பள்ளத்துக்கு மேலே போய் 'தொப்' என்று புல்லில் விழுந்தது. சந்தோஷத்தில் இன்னும் இரண்டு அடித்துப் பார்த்தார், இரண்டும் தாண்டின. மறுநாள் வெயில். பந்து நேராகப் பள்ளத்துக்குள் போய்த் தவளைகளை வாயடைக்க வைத்தது. "நேத்து மாதிரியே அடிங்க முதலாளி. பள்ளத்தப் பாக்காதீங்க, கொடிய மட்டும் பாருங்க" என்றேன். கண் தெரியாதவன் சொன்ன யோசனை என்று அவருக்குத் தெரியாது. பள்ளத்தை முறைத்தபடியே அவர் சொன்னார்:

"நேத்து இந்தப் பள்ளம் இங்கன இல்லையேய்யா."

கொடி என்ன நிறம்

சீசன் தொடங்குவதற்கு முன்னால் செக்ரட்டரி எங்களையெல்லாம் கிளப் வராந்தாவில் வரிசையாக நிறுத்திக் கண் சோதனை வைப்பார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தூரத்தில் ஒரு குழியில் நட்டிருக்கும் கொடியைக் காட்டி நிறம் கேட்பார். சிவப்பு அல்லது மஞ்சள், புல் வெட்டுகிற ஆட்கள் கையில் கிடைத்ததை நட்டிருப்பார்கள். அதனால் சோதனை நாளில் நான் வெள்ளென எழுந்து அந்தக் குழிக்குப் போய், பக்கத்தில் நின்று நிறத்தைப் பார்த்து மனசில் போட்டுக்கொண்டு வருவேன். பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாளைப் பார்த்துவிடுகிற ஏற்பாடு.

அந்த வருஷம் வரிசையில் முதல் ஆளாக என்னை நிறுத்திவிட்டார். "அங்கே பார் மேன். கொடி என்ன கலர்?" என்றார். கண்ணைச் சுருக்காமல், யோசிக்காமல், "சிவப்புங்க" என்றேன். அவரும் அந்தத் திசையில் பார்த்துவிட்டு "கரெக்ட்" என்றார். எனக்குப் பின்னால் நின்ற ஒன்பது பேரும் சிவப்பு என்றார்கள். பத்துப் பேரும் சரியான ஆட்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டார். நான் நிம்மதியாக டீக்கடைக்குப் போனேன். வீரணன் பின்னாலேயே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நீ பாத்துட்டு வந்தப்புறம் காட்டுமாடு வந்து கம்பத்தோட சாய்ச்சுட்டுப் போயிருச்சுடா. அவரே கரெக்ட்டுன்னு சொல்லிட்டாரு, இல்லாத கொடிக்கு நாங்க வேற என்ன கலரு சொல்றது?"

கல்லில் பட்ட சத்தம்

அடுத்த மாதம் கோப்பைக்கான கடைசி ஆட்டம். ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் திண்டுக்கல் முதலாளி. டாக்டர் எட்டு சீசனாக அந்தக் கோப்பைக்கு ஏங்கிக்கொண்டிருந்தார். கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். பொட்டுப் பனி இல்லை. வீரணன் அன்றைக்கு முதலாளியின் பையைத் தூக்கியதால் டாக்டர் பந்துக்கு அவன் விசில் அடிக்க முடியாது. ஆனால் வேடிக்கை பார்த்த கூட்டம் மூச்சுக் காட்டாமல் நின்றது. எனக்கு அது ஒன்றே போதும்.

முதலில் முதலாளி. எல்லோரும் பள்ளத்துக்காகக் காத்திருந்தோம். அவர் பள்ளத்தின் பக்கம் திரும்பவே இல்லை என்று பிறகு வீரணன் சொன்னான். கொடியைப் பார்த்தபடி நின்று அடித்தார். 'தொப்', புல். அவர் பள்ளத்தில் போடுவார் என்றுதான் டாக்டர் இவ்வளவு நேரம் நிம்மதியாக இருந்திருக்கிறார் போல. அந்த நிம்மதி போனதும் கை இறுகிவிட்டது. பந்து வலது பக்கம் பறந்தது. அந்தப் பக்கம் எல்லைக்குச் சுண்ணாம்பு அடித்த கற்கள் நட்டிருக்கும். கல்லைத் தாண்டினால் தண்டனையோடு மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். எனக்கு 'டங்' என்று கேட்டது. அப்புறம் தூரத்தில் சருகு.

எல்லோரும் வந்து தேடினோம். கல்லுக்கு உள்பக்கம் புல்லில் ஒரு பந்தை செக்ரட்டரி கண்டுபிடித்தார். சிவப்புப் பொட்டு இருந்தது. டாக்டர் முகத்தில் உயிர் வந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால் டாக்டருக்குக் கோப்பை, எனக்கு வில்லை, அண்ணிக்கு ஏமாற்றம். ஆனால் ஏழெட்டு வருஷமாக என் காது சொன்னதைத்தான் எல்லோரும் நம்பினார்கள். அதை நானே பொய்யாக்க மனசு வரவில்லை.

"அது பழைய பந்துங்க. இன்னைக்கு அடிச்சது கல்லுல பட்டு வெளிய போயிருச்சு" என்றேன். "நீ பார்த்தாயா?" என்று செக்ரட்டரி கேட்டார். "பாக்கலைங்க. எனக்குத் தூரத்துல கண்ணு தெரியாது. கேட்டேன்" என்றேன். டாக்டர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு கல்லைத் தாண்டி நடந்தார். பதினைந்து அடி தள்ளிச் சருகுக்குள் பந்து கிடந்தது, பொட்டு மை புதுசாக. கல்லில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. புல்லில் கிடந்த பந்தின் பொட்டு வெளுத்துப் போயிருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். டாக்டர் தோல்வியை ஒப்புக்கொண்டு முதலாளிக்குக் கை கொடுத்தார். செக்ரட்டரி என் பக்கம் திரும்பி, "வில்லையைக் கழற்று மேன். கண் தெரியாத ஆளுக்கு இங்கே வேலை இல்லை" என்றார். நான் கழற்றிக்கொண்டிருந்தபோது வீரணன் பையைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்:

"அப்போ, சாஞ்சு கெடந்த கொடியப் பாத்து கரெக்ட்டுன்னு சொன்ன கண்ணுக்கு என்னங்க செய்யிறது?"

இரண்டு கண்ணாடி

செக்ரட்டரி என் பக்கம் கையை நீட்டினார். வில்லையை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். மறுநாள் டாக்டர் தன் பங்களாவுக்கு என்னை வரச்சொல்லிக் கண்ணைச் சோதித்தார். பத்து நாள் கழித்து மதுரையிலிருந்து இரண்டு கண்ணாடிக் கூடு வந்தது. ஒன்று எனக்கு. இன்னொன்றை டாக்டர் செக்ரட்டரியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தார். வெளியே வரும்போது அவர் கையில் என் வில்லை இருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றேன். மரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன. கடைசிக் கொடி மஞ்சள். வீரணனுக்கு இவ்வளவு நரை விழுந்திருப்பதே எனக்குத் தெரியாது. அழுகை வந்தது, அழுதேன். அப்புறம்தான் நாய்க்குடையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போன டாக்டரின் ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்ற அவரிடம், "என் கண்ணு விஷயம் உங்களுக்கு எப்பத் தெரியுங்க?" என்று கேட்டேன். "அந்த நாய்க்குடை அன்னைக்கே தெரியும்" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் பயந்து பயந்து பிழைத்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார், ஆனால் மறைக்காமல் சொன்னார்:

"கண்ணாடி போட்டா நீ பாக்க ஆரம்பிச்சிருவே பொன்னையா. பனியில என் பந்தை அப்புறம் யாரு கேக்குறது?"

அவர் மேல் வந்த கோபம் எனக்கு இன்றுவரை முழுசாகத் தீரவில்லை, ஆனாலும் பனி இறங்கிய நாட்களில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் "வரட்டும்" என்று குரல் கொடுத்தேன்.