திரும்பி வருவானா என்று கேட்டார்கள்

அந்தப் போன் வந்தபோது அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்திருந்தாள். சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்கு செக்கிங் வேலை. காலர் ஓரத்தில் ஒரு பிசிறு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. சூப்பர்வைசரே அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்.

தம்பி வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் வாங்கி, விசாவுக்கு விண்ணப்பித்திருந்தான். அம்மா போன பிறகு அவனை ஆளாக்கியவள் அக்கா. அதனால் பொறுப்பாளர் என்ற இடத்தில் அவள் நம்பரைப் போட்டிருந்தான். விசா ஆபீஸிலிருந்து பேசிய பெண் நம் மொழியிலேயே, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"படிப்பு முடிஞ்சதும் உங்க தம்பி திரும்பி வந்துடுவாரா?"

தம்பியைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக்கிடந்தவள் அக்கா.

"எதுக்கும்மா வரணும்? அவன் மூளைக்கு இங்க என்ன இருக்கு? அங்க இருக்கறவங்கதான் அவனை விடுவாங்களா? கொத்திக்கிட்டுப் போயிட மாட்டாங்க?"

அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அக்காவுக்கு அன்று ஆறிப்போன சோறுகூட ருசித்தது. பக்கத்து மேஜைக்காரியிடம் இரண்டு தரம் சொல்லிக் காட்டினாள்.

விசா இல்லை என்று வந்தது. படிப்பு முடிந்து நாடு திரும்பும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு இல்லை, அவருடைய அக்காவே அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடியே கேட்டான்.

"வந்துடுவான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"உன்னைப் பெருமையாத்தானேடா சொன்னேன்."

"ஆமா. நீ பெருமைப்பட்ட லட்சணத்தைத்தான் அவங்களும் எழுதி அனுப்பியிருக்காங்க."

மேல்முறையீட்டுக்கு ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ். கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேஜை லேசாக அதிர்ந்தது. விவரம் முழுதும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் தம்பியிடம் சொன்னார்:

"ஒரே வழிதான் இருக்கு. உங்கக்காவுக்கு விவரம் பத்தாது, உங்க படிப்பைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டாங்கன்னு போடணும். விசாரணையில அவங்களைக் கேட்டாலும் அதையேதான் சொல்லணும்."

அக்கா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

"போடுங்கம்மா," என்றாள் அக்கா. "பத்தாவது பெயிலானவதானே நான்."

ஆனால் அவளுக்குத் தெரியும். அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் படிப்பு அது. எந்த ஊர், எந்தக் கல்லூரி, முதல் வருஷம் என்னென்ன பாடம் என்பதெல்லாம் அவன் சொல்லச் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். கம்பெனியில் கேட்டால் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் சொல்வாள்.

விசாரணை வீடியோவில் நடந்தது. வக்கீலம்மாவின் கம்ப்யூட்டருக்குள் ஓர் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்.

"தம்பி என்ன படிக்கப் போறார், தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எந்த ஊர்?"

"தெரியாதுங்க."

"அப்புறம் திரும்பி வர மாட்டார்னு எப்படிச் சொன்னீங்க?"

"வாய்க் கொழுப்புங்க."

மொழிபெயர்ப்பாளர் இதை எப்படிச் சொல்வது என்று சற்றுத் தடுமாறினார்.

பிறகு தம்பியைக் கேட்டார்கள். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எங்கம்மா போனப்ப எனக்கு விவரம் தெரியாத வயசு. குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்தது இவங்கதான். எனக்காகக் கல்யாணமே பண்ணிக்கல. இவங்களைத் தனியா விட்டுட்டு நான் எங்க இருந்துடப் போறேன்? படிப்பு முடிஞ்ச மறு வாரமே வந்துடுவேன்."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவனை அனுப்புவதைப் பற்றித்தான் அவள் இத்தனை நாளும் யோசித்திருந்தாள். அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுவான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது நினைத்துப் பார்த்தாள், நினைப்பு ஒட்டிக்கொண்டது.

விசா கிடைத்துவிட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தம்பி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குச் சொன்னியே, மறு வாரமே வந்துடுவேன்னு," என்றாள் அக்கா, பேச்சுவாக்கில் கேட்பதுபோல.

"நல்லா இருந்துச்சா? வக்கீலம்மா மூணு தடவை சொல்ல வச்சுப் பார்த்தாங்கக்கா. கல்யாண விஷயத்தைக் கட்டாயம் சேர்த்துக்கோன்னதும் அவங்கதான்."

"நல்லாத்தான் சொன்னே. நானே நம்பிட்டேன்."

அவன் சிரித்தான். சிரிக்கவேண்டிய இடம்தான் என்று அவளும் சிரித்துவைத்தாள். பெட்டி மூடவில்லை. அவன் மேலே ஏறி உட்கார, அவள் குனிந்து ஜிப்பை இழுத்தாள்.