இடப்பக்கம் மட்டும்

மருந்துக்கடை அக்காவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். அதில் பொய் இல்லை. வலப்பக்கம் திரும்பத் தெரியாது என்பதைத்தான் மகளிடம் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

ஐம்பது வயதுக்கு மேல், கடைக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகள் கிடக்கும் முற்றத்தில், விடுமுறை நாட்களில் தனியாக ஓட்டிப் பழகியவள் அவள். நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். மாற்றிச் சுற்றிப் பார்த்த அன்றைக்குச் சாக்கடையில் விழுந்தாள். அதன் பிறகு வலப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இந்த வீம்பு சும்மா வரவில்லை. போன தடவை கடல் தாண்டி மகள் வீட்டுக்கு வந்தபோது, எல்லாரும் வழிகாட்டியோடு சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். "உனக்குத்தான் ஓட்டத் தெரியாதேம்மா, வீட்ல ரெஸ்ட் எடு" என்றாள் மகள். மூன்றாவது மாடி ஜன்னலில் நாள் முழுக்க ரெஸ்ட் எடுத்ததில் அக்காவுக்கு அழுகைதான் வந்தது.

இன்று வரிசையில் மகளுக்கு முன்னால் அவளும் போனாள். முதல் முக்கில் வழிகாட்டி வலது கையை நீட்டினார். இவள் சட்டென்று இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே முக்கைக் கடந்து, மறுபடி ஏறிக்கொண்டாள்.

"என்னம்மா, செயின் கழண்டுச்சா?"

"இல்லடி, சும்மா வேடிக்கை பாத்தேன்."

இரண்டாவது முக்கிலும் இறங்கினாள். பின்னால் வந்தவர்கள் கிறீச்சென்று பிரேக் பிடித்தார்கள். வழிகாட்டி திரும்பி வந்து மகளிடம் ஏதோ கேட்டார். அந்தப் பாஷை அக்காவுக்குப் புரியாது. வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறார் என்றே நினைத்து வண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஹேண்டில்ல ஏதாவது கோளாறான்னு கேக்குறாரும்மா."

"கோளாறு என்கிட்டதான். எனக்கு இடது பக்கம் மட்டும்தான் திரும்ப வரும். மறுபடி அந்த ஜன்னல்ல மட்டும் உக்கார வச்சிடாதடி."

சிரிக்கப் போன மகளின் முகம் பாதியில் வாடிவிட்டது. வழிகாட்டியிடம் மூச்சுவிடாமல் பேசினாள். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு வண்டியைத் திருப்பி, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். இனி அதுதான் முன்பக்கம்.

"ஊரைச் சுத்தி வர்ற வழிதானேம்மா. வந்த பக்கமே திரும்பிச் சுத்துனா எல்லாத் திருப்பமும் இடதுதான். கடைசில வர்ற ஆத்தை முதல்ல பாக்கலாம்."

ஆறு போயிற்று, பாலம் போயிற்று. பயம் விட்டபாடில்லை. "போம்மா, நான் பின்னாடியேதான் இருக்கேன்" என்று, வரிசை திரும்பியபோது இடம் மாறிக்கொண்ட மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் மகள் வீட்டுத் தெரு வந்தது. மூன்றாவது மாடியில் அந்த ஜன்னல். ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க அக்காவுக்கு அவ்வளவு ஆசை. பார்த்தால் விழுந்துவிடுவோம் என்று, தெருவை மட்டுமே பார்த்துக்கொண்டு அதைக் கடந்து போனாள்.