மார்கிட்டின் வீட்டிலிருந்து வெளியேறிய நாள்

1. சாந்து விழுந்தது

மதியச் சாப்பாட்டுக்கு மேசை போட மண்டபத்துக்குள் நுழைந்தேன். கூரைச் சாந்து பாளம் பாளமாக மேசை மேல் விழுந்து கிடந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

ஒஸ்லோவின் ஓரத்தில் இருந்த அந்த சீக்கயெம்மில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், நான் நெடுங்காலம் வேலை செய்தேன். ஓர் ஆங்கிலேய மர வியாபாரி தன் ஊர் மாளிகையைப் போலவே கட்டிய வீடு அது. கருங்கல் வாசல், அகன்ற ஓக் மரப் படிக்கட்டு, ஆள் உயரக் கணப்பு. அவருடைய பேரன் காலத்தில் முதலில் காடு விலைபோனது, பிறகு வயல், கடைசியில் வீடும் விலைபோய் முதியோர் இல்லமானது.

அந்தப் பேரனின் மகள் மார்கிட்டும் எங்களிடம்தான் இருந்தார். தான் பிறந்த வீட்டில், முன்பு துணி தோய்க்கும் அறையாக இருந்த இடத்தில். "இது என் வீடு" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

2. யார் சொல்வது?

"கூரையைத் திருத்த ஏலாதாம், றெஜினா. மூடப்போறம். எல்லாரும் மோர்டென்ஸ்ருட்டிலை இருக்கிற புதுக் கட்டடத்துக்குப் போறம்," என்றார் பொறுப்பாளர் ரூனே. "மார்கிட்டுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்."

தயங்கித் தயங்கிப் போனேன். நான் வாய் திறக்குமுன் மார்கிட்டே கேட்டார்.

"எப்ப போறம்?"

"உங்களுக்குக் கவலை இல்லையோ?"

"அப்பா வீட்டை விக்கேக்கை அழுதனான். அப்ப இஞ்சை எங்கட குடும்பம் மட்டும்தான் இருந்தது. பிறகுதானே எத்தினை பேர் இந்தக் கணப்படியிலை குளிர் காய்ஞ்சவை! வீடு நல்லாத்தான் வாழ்ந்தது."

வீடு நொடித்துப்போன கதையை அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

3. ஓலாவ்

புறப்படும் நாளில், மறதி நோயுள்ள ஓலாவ் படிக்கட்டுக் கைபிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அங்கை நல்ல இடம், பெரிய ஜன்னல்," என்று நான் கெஞ்சினேன். ரூனேயும் கெஞ்சினார். ஓலாவ் அசையவில்லை.

மார்கிட் தன் சக்கர நாற்காலியை அவரருகே உருட்டிப் போனார்.

"ஓலாவ், எனக்கும் அந்த இடம் தெரியாது. எனக்கும் பயம்தான். என்னோடை வாறீங்களோ?"

 ஓலாவ் கைபிடியை விட்டு மார்கிட்டின் கையைப் பிடித்தார். நாங்கள் விட்டுப்போகும் வீடு யாருடையது என்பது ஓலாவுக்குத் தெரியாது.

அதன்பின், இடம் மாறும் எந்த முதியவரிடமும் "அது நல்ல இடம்" என்று நான் சொன்னதில்லை. "கூட வாறன்" என்று மட்டும் சொல்வேன். சொன்னால் கூடவே போய், புது இடத்தில் அவர் தன் குளிர்க் கோட்டைக் கழற்றி மாட்டும் வரை பக்கத்தில் இருப்பேன்.