உரஞ்சாத மூலை

வேலை முடிந்து உப்புவெளியில் பஸ்ஸால் இறங்கி வந்த நான், முற்றத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். என் மீன்தொட்டியில் பாசி தின்னும் மீன்கள் இருக்கின்றன. அவற்றுக்காகவே ஒரு பேசினில் கற்களைப் போட்டு, தண்ணீர் விட்டு, வெயிலில் வைத்துப் பாசி வளர்த்து வந்தேன். இப்போது பேசின் கவிழ்ந்து கிடந்தது. கற்கள் வெள்ளைவெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன.

பக்கத்து வீட்டு மலர் அக்கா வேலியால் எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு டெங்கு நுளம்பு பாக்கச் சுகாதாரக்காரர் வருவினம். தண்ணி நிண்டால் வழக்குப் போடுவினம் எண்டு ஊத்திப்போட்டன். கல்லையும் தேங்காய்ப் பொச்சால நல்லா உரஞ்சினனான்."

அவர் முகத்தில் இருந்த பெருமையைக் கண்டதும் என் கோபம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"அது மீனின்ட சாப்பாடு, அக்கா."

நம்பாமல் உள்ளே வந்தார். தொட்டிக்குள் மிஞ்சியிருந்த ஒரேயொரு பச்சைக் கல்லை மீன்கள் சுரண்டித் தின்பதைக் குனிந்து பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையா நான் கிணத்தடியில உரஞ்சி எறியிற பாசியையோ இதுகள் தின்னுது?"

எனக்கும் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

இப்போது என் கற்கள் அவருடைய கிணற்றடியில், சவர்க்காரம் படாத ஈர மூலையில் பச்சைபிடித்துக் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் அந்த மூலை வந்ததும் அக்கா பொச்சைக் கீழே வைத்துவிடுவார். அவ்வளவு சுத்தக்காரி, எனக்காக உரஞ்சாமல் விடும் இடம் அது ஒன்றுதான்.