நான் ஓடிய பதினைந்து அடி: பாரிசுக்கு வடக்கே ஒரு மான்வேட்டை

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பாரிசுக்கு வடக்கே உள்ள காடொன்றுக்கு மான்வேட்டை பார்க்கப் போனேன். பார்க்க மட்டும்தான். என்னிடம் துவக்குமில்லை, வேட்டை அனுமதியுமில்லை. வேட்டையைப் பற்றி எழுத வெட்கமில்லையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வெட்கம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்கில்லை.

கூட்டிப்போனவன் ஜெகன். என்னைவிட எட்டு வயது இளையவன், கூசேன்வில்லில் இருக்கிறான், விமானநிலையத்தில் பொதி ஏற்றும் வேலை. இரவிரவாகப் பிரெஞ்சுப் புத்தகம் படித்து வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணி, ஒரு கிராமத்து வேட்டைச் சங்கத்தில் இடம் கிடைக்க இரண்டு வருடம் காத்திருந்தவன். அந்தச் சங்கத்தில் அவன் ஒருவன்தான் தமிழன். வாருங்கோ, வாருங்கோ என்று எத்தனையோ தரம் கூப்பிட்டான். எனக்கு ரூ பெர்தொனே தெருவில் ஒரு புடவைக்கடையில் வேலை. சனிக்கிழமை லீவு கேட்டால் முதலாளி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்த முறை தூக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு லா சப்பலில் வீட்டை விட்டு இறங்கினேன். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்து பத்து நிமிடம். அங்கிருந்து RER D ரயில், கூசேன்வில்லுக்கு அரை மணித்தியாலத்துக்குள் போய்விடும், டிக்கெட் இரண்டு யூரோ ஐம்பது. பிறகு ஜெகனின் காரில் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர், ஒரு மணித்தியாலம். முதல்நாள் பின்னேரம் லா சப்பலில் வாங்கிய ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஆறு கொண்டுபோனேன். காடு வருவதற்கு முன்பே ஐந்து முடிந்துவிட்டது.

வழியெல்லாம் ஜெகன் தன் புதுத் துவக்கைப் பற்றியே கதைத்தான். செமி ஒட்டோமற்றிக். ஒருமுறை சுட்டதும் அடுத்த குண்டு தானாக ஏறி நிற்கும், திரும்ப விசையை அழுத்தினால் போதும். பிரான்சில் வேட்டைக்கு மூன்று குண்டுக்கு மேல் போட விடமாட்டார்கள்: குண்டுப்பெட்டியில் இரண்டு, குழாயில் ஒன்று. சங்கத்துக் கிழவர்களுக்கு இந்தத் துவக்கு பிடிக்காது. சுடத் தெரியாதவனுக்குத்தான் மூன்று குண்டு வேண்டும் என்று அவனைப் பகிடி பண்ணுவார்களாம். அவனுக்கோ வேறு நியாயம். முதல் குண்டு பிழைத்து மான் காயத்தோடு ஓடினால், கையால் குண்டேற்றுகிற நேரத்துக்குள் அது மறைந்துவிடும். எங்கேயோ போய்க் கிடந்து துடிக்கும். உடனே இரண்டாவது குண்டு போனால் வேதனை முடிந்துவிடும். அன்று எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இன்றைக்கும் அவன் சொன்னதில் பிழை காணவில்லை.

எட்டரைக்குச் சங்கத்தின் கொட்டகையில் கோப்பி தந்தார்கள். விருந்தாளிக்கு மதியச் சாப்பாட்டோடு பதினைந்து யூரோ. வேட்டைத் தலைவர் எழுபது வயதுக்காரர், உரத்த குரல். விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லோரும் செம்மஞ்சள் அங்கி போட வேண்டும். முடிந்ததென்று கொம்பு ஊதும்வரை யாரும் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. கடைசியில் என் முகத்தைப் பார்த்து, விளங்கியதா என்று கேட்டார். விளங்கியது என்றேன். இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள், பத்தொன்பது வருடமாகப் பிரான்சில் இருக்கிறேன். எல்லாம் விளங்கியது.

வேட்டைக்காரர்கள் காட்டுப் பாதையோரம் அறுபது மீற்றருக்கு ஒருவராக நின்றார்கள். மறுபக்கத்திலிருந்து ஆட்களும் நாய்களும் மானைக் கலைத்து வருவார்கள். ஜெகன் ஒரு ஓக் மரத்தடியில் நின்றான், அவனுக்குப் பின்னால் நான். அசையாமல் ஒன்றரை மணித்தியாலம். குளிர் எலும்புக்குள் இறங்கியது. பையிலிருந்த மண்ணிறக் குளிர்ச்சட்டையை எடுத்து அங்கிக்கு மேலே போட்டுக்கொண்டேன். முன்னால் பார்த்துக்கொண்டிருந்த ஜெகனுக்கு அது தெரியாது.

நான் மன்னார், மடுப் பக்கம். பதினேழு வயதில் மாமாமாரோடு காட்டுக்குப் போயிருக்கிறேன். அவர்களிடம் இருந்தது இடியன் துவக்கு. குழாய் வழியாக வெடிமருந்தை இட்டு, ஈயத்தைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். ஒரு வெடிதான். அடுத்த வெடிக்கு முன் ஒரு பீடி குடித்து முடிக்கலாம். அதனால் வெடி கேட்டதும் ஓட வேண்டும், மான் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க. இளசுகளின் வேலை அதுதான். வெடி கேட்டால் ஓடு. சுட்டு முடிந்த இடியன் வெறும் இரும்புக் கம்பி, பயமில்லை.

பதினொன்றே காலுக்கு ஒரு மான் பாதையில் பாய்ந்தது. ஜெகன் ஒரு வெடி வைத்தான். மான் குப்புற விழுந்தது. என் கால் ஓடத் தொடங்கிவிட்டது. மூன்று குண்டென்று ஒரு மணித்தியாலம் காரில் கேட்டு வந்தவன் நான்தான். காலுக்கு அது தெரியாதே! மரத்தைச் சுற்றி, அவனுடைய இடப்பக்கத்தால், பதினைந்து அடி ஓடியிருப்பேன். அதே நேரம் பற்றைக்குள்ளிருந்து இரண்டாவது மான் வந்திருக்கிறது. ஜெகன் கண்ணை எடுக்காமல் துவக்கை அதன் பின்னே திருப்பியிருக்கிறான். திரும்பிப் பார்த்தேன். குழாயின் வாய் என் நெஞ்சுக்கு நேரே நின்றது.

வெடிக்கவில்லை. ஜெகன் குழாயை வானத்துக்குத் தூக்கினான், அப்படியே முழங்காலில் இருந்துவிட்டான். பக்கத்தில் நின்றவர் கண்டு கத்தினார். கொம்பு ஊதியது, வேட்டை நின்றது.

தலைவர் வந்தார். என் மண்ணிறச் சட்டையைப் பார்த்தார், ஜெகனைப் பார்த்தார். இவரை யார் போகவிட்டது என்று கேட்டார். ஜெகன் எழும்பி நின்று, நான்தான் போகச் சொன்னேன், என் பிழை என்றான். பச்சைப் பொய். தலைவர் என் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். இல்லை ஐயா, நானாகத்தான் ஓடினேன் என்று சொல்ல எனக்குத் தெரியாத பிரெஞ்சா? பயம். வெட்கம். அத்தனை வெள்ளைக்காரர் வட்டமாக நிற்க, முட்டாள் என்று பெயர் எடுக்க மனம் வரவில்லை. அந்தப் பெயரை அவன் எடுக்கட்டும் என்று விட்டேன். இதை எழுதவே கை கூசுகிறது.

சாப்பாட்டுக்கு முன்பே ஜெகனின் சங்க அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இனி வர வேண்டாம் என்றார்கள். ஏன் எனக்காகப் பொய் சொன்னாய் என்று காரில் கேட்டேன். கூட்டிவந்தது தான்தானே என்றான். கூசேன்வில் ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது சொன்னான்: “அண்ணை, என்ரை விரல் இறுகத் தொடங்கீட்டுது. நீங்கள் எண்டு தெரியேல்லை. மண்ணிறம்தான் தெரிஞ்சது.”

இப்படி ஒரு வேட்டை பார்க்கப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. அங்கிக்கு மேலே எதுவும் போடாதீர்கள். குளிருக்கு உள்ளே இரண்டு சட்டை போடுங்கள். முப்பத்தைந்து யூரோ சப்பாத்துப் போதும், காலுறை மட்டும் கம்பளியாக இருக்கட்டும். கூட்டிக்கொண்டுபோகிறவரிடம் என்ன துவக்கு, எத்தனை குண்டு என்று கேளுங்கள், கேட்டதை மறக்காதீர்கள். ஊரில் பழகிய காடு வேறு, இது வேறு. வெடி கேட்டால் நின்ற இடத்தில் நில்லுங்கள். கொம்பு ஊதும்வரை மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாலும் சரிதான்.

எல்லாம் முடிந்தபிறகு சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்தது முழுக்க என் பிழை, ஜெகன் என்னைப் போகச் சொல்லவேயில்லை என்று இரண்டு பக்கம். பிரெஞ்சில் பிழை வரக் கூடாதென்று ஒரு கிழமை மினக்கெட்டேன். அனுப்புமுன் அவனிடம் காட்ட ரூ பெர்தொனே தேத்தண்ணிக் கடைக்கு வரச் சொன்னேன். வந்தான். துவக்கை விற்றுவிட்டானாம். கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் ஆற அமர வாசித்தான். வாசித்துவிட்டு மடித்து, என் பக்கம் தள்ளினான்.

“நல்லா எழுதியிருக்கிறியள்,” என்றான். “அண்டைக்கு அங்கை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அதுவே போதும், அண்ணை.”