ஐடெல்லா வீட்டு மின்சாரம்

வயரின் நுனியைப் பழைய காலுறையில் சுற்றி, ஐடெல்லா மாடி ஜன்னலிலிருந்து கீழே இறக்குகிறாள். ஞாயிறு காலையில் காபிக்கும் முன்னால் இதுதான். சந்தைத் தெருவில் கிடார் வாசிக்கும் ருஃபஸ் அதை எட்டிப் பிடித்து ஒலிபெருக்கியில் மாட்டிக்கொள்வான். மின்சாரத்துக்கு அவன் அவளுக்குத் தரும் கூலி, வெங்காயம் வதக்கிப் போட்ட பன்றிக்கறி சாண்ட்விச் ஒன்று. "மொளகா இல்லாம கொண்டாந்தே, வயரச் சுருட்டிருவேன்."

சிகாகோவின் அந்தத் தெருவில் பல ஜன்னல்களிலிருந்து இப்படி வயர் தொங்கும். எந்தப் பாட்டு யார் வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மற்ற நாட்களில் அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். முழங்கைவரை சூட்டுத் தழும்பு. பாட வராது. ஆனால் ருஃபஸ் ஒரு வரி தப்பினாலும் துடைப்பக்கட்டையால் ஜன்னல் சட்டத்தைத் தட்டுவாள்.

அவன் பாட்டு, கறுப்பர்களின் சோகப் பாடலான ப்ளூஸ்தான். கூட வாசிப்பவனின் டிரம் மட்டும் ராக் வேகத்தில் இடிக்கும். ஆலை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவன், நிவாரண உணவு வரிசையில் நிற்கிறவள் என்று தெரு முழுக்க அதில் இருக்கிறது. கடைசிச் சரணம் ஐடெல்லாவுடையது: சூடேற்றும் வெந்நீர்க் குழாய்கள் செத்துக் கிடக்கும் அறையில், கோட்டோடு தூங்கும் அவள் பிள்ளைகள்.

போன ஞாயிறு, அந்தக் குழாய்களைச் சரிசெய்ய வேண்டிய கட்டட மேனேஜர் கிரேடி வந்து ஜன்னலுக்கு நேர்கீழே நின்றார். "அந்தக் கடைசிச் சரணத்தப் பாடு, மேல இருக்கிறவ நாளைக்கே சட்டிபானையத் தெருவுல பொறுக்குவா."

ருஃபஸ் பாடினான். கடைசிச் சரணம் வர வேண்டிய இடத்தில் முதல் சரணத்துக்கே திரும்பினான். கிடார் சட்டென்று ஊமையானது.

கூட்டம் அண்ணாந்து பார்த்தது. ஐடெல்லா கையில் பிடுங்கிய பிளக்.

"ஒனக்காகத்தாங்க்கா விட்டேன்."

"எனக்காக நீ சாண்ட்விச்ச முழுங்கு, போதும். பாட்ட முழுங்காத. குளுர்ல கெடக்கறது எம் புள்ளைங்க."

"வீடு போயிரும்க்கா."

"போகட்டும். உள்ளயும் இதே குளுருதானே?"

யாரோ சிரித்தார்கள். "யோசிச்சுச் செய், ஐடெல்லா" என்றார் கிரேடி.

"குளுர்ல தூக்கம் வராம ராத்திரியெல்லாம் அதத்தான் செஞ்சேன்."

பிளக்கை ஏப்ரனில் துடைத்தபடி காத்திருந்தாள். ருஃபஸ் தொண்டையைச் செருமினான். கடைசிச் சரணத்தின் முதல் வரி வெறுங்குரலில் மேலே வந்தது. அவள் குனிந்து பிளக்கைச் சொருகினாள். பிறகு, அந்த நவம்பர்க் காற்றில், பாதி திறந்திருந்த ஜன்னல் கண்ணாடியை முழுக்க மேலே தூக்கிவிட்டாள்.